ஒரே குழியில் பதினொரு விதை



போன வருடம் விக்ரோறியா தின விடுமுறையன்று நான் ஒரு களவு செய்தேன். அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் இந்த மாத விசயத்துக்கு வரவேண்டும்.

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம் இருக்கிறது. மூத்த பொடியனுக்கு அப்போது பதினாறு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு மிகக் குறைவு. வேண்டியதை ஐபாட்டில் படத்தைத் தொட்டுக் காட்டுவான். ஆள் என்னைவிட அரை அடி உயரம். அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்வளவு முழுக்கக் கொங்கிறீற். ஒரு நாள் தாய் எங்கள் வேலியோரம் வந்து நின்று கேட்டார்: "அண்ணை, உங்கட பாத்தியிலை இவனுக்கும் ஒரு மூலை தருவியளே? பள்ளிக்கூடத்தாலை வரேக்கை நாளும் இதிலை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறான்."

கொடுத்தேன். பயித்தை விதையும் ஒரு பிடி கொடுத்தேன். அவன் அதிலிருந்து பதினொன்றை எண்ணி எடுத்து, மிச்சத்தை என் கையிலேயே திரும்ப வைத்தான். சுட்டுவிரலால் ஒரு குழி கிண்டினான். ஒவ்வொரு விதையையும் அந்தச் சின்ன வெள்ளைக் கண் கீழே பார்க்கும்படி திருப்பித் திருப்பி வைத்தான். பதினொன்றையும் ஒரே குழியில்தான் வைத்தான். மண்ணை மூடி உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினான். இவ்வளவுக்கும் அரை மணித்தியாலம் எடுத்தது. நான் பக்கத்தில் நின்று, "தம்பி, அரையடிக்கு ஒண்டு" என்று நாலு தரம் சொல்லியிருப்பேன்.

அவன் போனபிறகு, இருட்டுப்படுகிற நேரத்தில், அந்தக் குழியைத் தோண்டிப் பதினொன்றையும் எடுத்து வேலியோரமாக அரையடிக்கு ஒன்றாக ஊன்றிவிட்டேன். இடம் மறந்துபோகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஐஸ்கிறீம் குச்சியும் குத்தினேன். தோட்டம் தெரிந்தவன் செய்கிற வேலைதானே என்று நினைப்பு.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் நேரே தன் குழிக்குப் போய் விரலை விட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. கத்துவான் என்று பயந்தேன், கத்தவில்லை. குச்சிகளைப் பார்த்தான். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அதனடியில் விரலை விட்டு, விதையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே வேலி நெடுகப் போனான். திரும்பி வந்து பதினொன்றையும் பழைய குழியிலேயே, பழையபடி கண் கீழே பார்க்க வைத்து மூடினான். பிறகு என்னிடம் வந்து அந்தப் பதினொரு குச்சியையும் என் கையில் தந்தான்.

தாய்தான் பிறகு சொன்னார், கோபமில்லாமல்: "அவன் என்ன செய்தாலும் பின்னாலை ஆராவது வந்து திருத்திக்கொண்டுதான் இருக்கினம் அண்ணை. பள்ளிக்கூடத்திலையும், வீட்டிலையும், நானும் சேத்துத்தான்."

தோட்டக்கலைச் சிகிச்சை என்று உலகம் முழுக்க ஒரு தொழில் இருக்கிறது. கனடாவில் அதற்கெனத் தேசிய அளவில் ஒரு சங்கம் 1987இலேயே தொடங்கிவிட்டது. அதைச் செய்கிறவர்கள் முதலில் பழகவேண்டியது, மற்றவர் நட்டதைப் பிடுங்கி நடாமல் இருப்பதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது.

இதை எழுத உட்கார்ந்தபோது என் மனம் கிப்ளிங் வீதியும் ஃபிஞ்ச் வீதியும் சந்திக்கும் இடத்துக்குக் கிட்ட இருக்கிற பனோரமா கோர்ட்டுக்குப் போனது. இன்றைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் ரெக்ஸ்டேல் சமூக மையத்துக்குத்தான் போவார்கள். அதே தெருவில் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. ரெக்ஸ்டேல் என்ற பெயரே இல்லாத காலம் அது. ரெக்ஸ் ஹெஸ்லொப் என்ற வீடு கட்டும் முதலாளி 1950களில் இந்த வயல்களை வாங்கி வீதி போட்டு விற்றதால் வந்த பெயர் ரெக்ஸ்டேல். அதற்கு முன்னால் இது திஸில்டவுன் என்கிற சின்னக் கிராமமும் சுற்றுப்புற வயல்களும்தான்.

ரொறன்ரோவின் சிக் கிட்ஸ் ஆஸ்பத்திரி 1928இல் இங்கே தன் நாட்டுப்புறக் கிளையைத் திறந்தது. அதற்கு முன் 1883இலிருந்து ரொறன்ரோத் தீவில் லேக்சைட் ஹோம் என்று ஒன்றை வைத்து, கோடையில் நோயாளிப் பிள்ளைகளை ஏரிக்காற்றுக்கு அனுப்பி வந்தார்கள். அந்த வேலையைத்தான் வருடம் முழுவதும் செய்ய இங்கே வந்தார்கள். எலும்புக் காசம், இளம்பிள்ளை வாதம் போன்ற, மாதக்கணக்கில் வருடக்கணக்கில் படுக்க வைக்கிற நோய்களுக்கு அன்று மருந்து இல்லை. வெயிலும் காற்றும் நல்ல சாப்பாடும்தான் வைத்தியம். பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து வெயிலில் வைப்பார்கள். பிறகு காசத்துக்கு மருந்து வந்தது. 1955இல் போலியோத் தடுப்பூசி வந்தது. 1957இல் இடத்தை மாகாண அரசு எடுத்து, மனநலச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கான நிலையமாக்கியது. பிந்திய காலத்தில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளும் இளையோரும் அங்கே வந்தார்கள். 2012இல் மூடப்போவதாக அறிவித்து, 2014இல் மூடினார்கள். பெற்றோர் எதிர்த்தும் பார்த்தார்கள். சமூகத்துக்குள்ளேயே சேவைகளைக் கொடுப்போம் என்றது அரசு. நல்ல கொள்கைதான். சமூகத்துக்குள்ளே அந்தச் சேவை வந்து சேர எத்தனை வருடம் காத்திருக்கவேண்டும் என்று அந்தப் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள்.

திஸில்டவுனில் பிள்ளைகளை வெயிலில் *வைத்தார்கள்*. அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். குறைபாட்டுடன் வளர்கிற ஒரு பிள்ளையைப் பற்றி நாங்கள் கதைக்கும்போது வினைச்சொற்கள் எல்லாம் இப்படித்தான் வருகின்றன: இருத்தினோம், சாப்பாடு தீத்தினோம், கொண்டுபோனோம், காட்டினோம், வைத்திருக்கிறோம். "எப்படி வைச்சிருக்கிறியள் பிள்ளையை?" என்று கேட்காத உறவினர் உண்டா? பெயரை மட்டும் நாங்கள் மாற்றிக்கொண்டே போகிறோம். ஊனமுற்றோர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், விசேட தேவையுடையோர் என்றோம், தமிழ்நாட்டிலிருந்து மாற்றுத்திறனாளி வந்தது. பெயர் மாறியதில் எனக்கு மகிழ்ச்சிதான். வினைச்சொல்லும் மாறினால் இன்னும் மகிழ்வேன்.

நிலத்தில் வேலை செய்வது மனதுக்கு நல்லது என்பது எங்கள் ஆச்சிமாருக்குச் சொல்லித்தர வேண்டிய விசயமில்லை. மருத்துவப் புத்தகத்தில் அதை எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ். மனநோய் பற்றி 1812இல் அவர் எழுதிய நூலில் ஒன்றைக் கவனித்துச் சொல்கிறார். விறகு வெட்டியும் தோட்டம் கொத்தியும் வேலை செய்கிற ஏழை நோயாளிகள் குணமாகிப் போகிறார்கள்; வேலை செய்யத் தேவையில்லாத பணக்கார நோயாளிகள் அங்கேயே வாடிக் கிடக்கிறார்கள். சரியான கவனிப்பு. ஆனால் இந்தக் கவனிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த நூற்றைம்பது வருடம் நிறுவனங்கள் செய்த வேலை இருக்கிறதே, அதையும் சொல்லாமல் போனால் இந்தப் பக்கம் நேர்மையாக இராது.

ஒன்ராறியோவின் ஒறில்லியாவில் 1876இல் தொடங்கி 2009 வரை நடந்த ஹியூறோனியா நிலையத்தில், அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் என்று கொண்டுபோய் விடப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்கள், பிள்ளைகளும்தான். பண்ணையிலும் சலவைக்கூடத்திலும் சம்பளமில்லாமல் வேலை வாங்கினார்கள். அதற்குப் பயிற்சி என்று பெயர், சிகிச்சை என்றும் பெயர். அடியும் அவமானமும் தனி. அங்கே இருந்தவர்கள் வழக்குப் போட்டு, 2013இல் 35 மில்லியன் டொலர் இழப்பீட்டு உடன்பாடு வந்தது. அந்த டிசம்பரில் மாகாண முதல்வர் கத்லின் வின் சட்டமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். எங்களுக்கு இன்னும் கிட்டக் காட்டலாம். ஹம்பர் உயர்கல்வி நிறுவனத்தின் லேக்‌ஷோர் வளாகத்தில் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் பழைய செங்கல் கட்டடங்கள் 1890இல் திறந்த மிமிக்கோ மனநோய் ஆஸ்பத்திரி. அதன் சுற்றுப்புறத்தைத் திருத்தியதில் நோயாளிகளின் கூலியில்லாத உழைப்பு உண்டு. அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் அவர்களின் இடுகாடு. 1,511 பேர் கிடக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பெயர்க்கல் இல்லை.

ஆகவே யாராவது "பிள்ளைகள் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள், எவ்வளவு சந்தோசமாக இருக்கிறார்கள்" என்று படம் அனுப்பினால், விளைந்தது யாருக்குப் போகிறது என்று ஒருமுறை கேளுங்கள். தக்காளி அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனால் தோட்டம். விற்ற காசில் அவன் பங்கு அவன் கைக்கு வந்தால் தொழில். இரண்டும் இல்லையென்றால் அது என்னவென்று ஒறில்லியாவில் இருந்தவர்களைத்தான் கேட்கவேண்டும்.

இனி நல்ல பக்கம். 1984ஆம் ஆண்டு இரண்டு காரியம் நடந்தது. ரோஜர் உல்ரிச் என்பவர் சயன்ஸ் இதழில் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரி. பித்தப்பை எடுத்த 46 நோயாளிகள். பாதிப்பேருக்கு யன்னலால் மரம் தெரியும். மற்றப் பாதிக்குச் செங்கல் சுவர் தெரியும். மரம் தெரிந்தவர்கள் கடுமையான வலி மருந்தைக் குறைவாக எடுத்தார்கள், முக்கால் நாள் அளவு முந்தி வீட்டுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் இன்றுவரை எடுத்துச் சொல்கிற ஆய்வு அது. அதே வருடம் இங்கே ரொறன்ரோவில், இப்போது ஹொலண்ட் புளூர்வியூ என்று நாங்கள் அறிகிற பிள்ளைகளின் புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில், ஸ்பைரல் கார்டன் தொடங்கியது. ஓவியர்களும் தோட்டக்காரர்களும் கதை சொல்பவர்களும் சேர்ந்து நடத்திய கோடைத் தோட்டம். குறைபாடு உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் ஒன்றாக வருவார்கள். களிமண், விதை, பொம்மலாட்டம், தண்ணீர். உல்ரிச்சின் நோயாளிகள் மரத்தைப் பார்த்தார்கள். ஸ்பைரல் கார்டனின் பிள்ளைகள் மண்ணைக் குழைத்தார்கள். இந்த இரண்டில் எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் சந்தேகமில்லாமல் குழைத்ததுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. மண்ணில் சந்தோசக் கிருமி ஒன்று இருக்கிறது, தொட்டாலே மனச்சோர்வு போய்விடும் என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எனக்கே ஐந்து பேர் அனுப்பியிருக்கிறார்கள். மைக்கோபக்ரீரியம் வக்கே என்ற அந்தக் கிருமியை வைத்து 2007இல் வந்த ஆய்வு எலிகளில் நடந்தது. தோட்டம் ஓட்டிசத்தைக் குணமாக்கும் என்று சொல்கிற எவரையும் நம்பாதீர்கள். ஓட்டிசம் குணமாக்க வேண்டிய நோயும் அல்ல. தோட்ட வேலையால் பிள்ளைகளின் பதற்றம் குறைகிறது, சேர்ந்து பழகுவது கூடுகிறது என்று பல சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அவ்வளவும் போதும். பெரிய வாக்குறுதி தேவையில்லை.

இளையோருக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சிறு பிள்ளைகளுக்கான இடங்கள் ஓரளவு இருக்கின்றன, முதியோருக்கும் இருக்கின்றன. பதின்மூன்று பதினாலு வயதானதும் குரல் உடைந்து, மீசை அரும்பி, உடம்பு பெருத்துவிட்டால், நேற்றுவரை கன்னத்தைக் கிள்ளினவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். பள்ளிக்கூடம் 21 வயதுவரை வைத்திருக்கும். அதோடு சரி. அடுத்த செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்குகிற காலையில் பிள்ளை சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும், பஸ் வராது. இந்தக் காட்சியை எனக்குச் சொன்ன தாய்மார் ஒருவர் இருவர் அல்ல.

அந்த வயதுப் பிள்ளைக்குத் தோட்டம் என்று டொலர் கடையில் கடற்கரை மணலுக்கு விற்கிற மஞ்சள் பிளாஸ்டிக் வாளியைக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு மண்வெட்டியைக் கொடுங்கள். கூட்டெரு மூட்டையைத் தூக்கவும், வீல்பரோவைத் தள்ளவும், பழைய வேரைக் கிளப்பவும் விடுங்கள். பாரமான வேலை சில பிள்ளைகளின் உடம்பை அமைதிப்படுத்துகிறது என்பது தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் நாளும் கையாளுகிற விசயம். எங்கள் பக்கத்து வீட்டுப் பொடியன் பத்து மூட்டை மண்ணைக் காரிலிருந்து பின்வளவுக்குச் சுமந்த அன்று, வழக்கமாக ஒரு நிமிடத்துக்கு ஒருதரம் தட்டுகிற கையைத் தட்டவேயில்லை. மூட்டை முடிந்ததும் இன்னும் இருக்கிறதா என்று கார் டிக்கியைத் திறந்து பார்த்தான். என் முதுகுக்கும் அன்று நல்ல நாள்.

சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளைக்குக் கணக்கு வேறு. கடையில் விற்கிற சாதாரண உயர்பாத்திக்கு நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி, இடுப்பைத் திருப்பித்தான் வேலை செய்யவேண்டும். கால் மணித்தியாலத்தில் நோகும். மேசை மாதிரி, முழங்கால் உள்ளே போகிற பாத்திதான் வேண்டும். அடியில் 27 அங்குலமாவது இடைவெளி, மேலே எட்டு அங்குலம் மண். ஒரு பக்கத்தால் மட்டும் எட்டுவதென்றால் அகலம் இரண்டு அடிக்கு மேல் வேண்டாம். நாற்காலி முழுவதாகத் திரும்ப ஐந்து அடி இடம் வேண்டும். பாதைக்கு மரத்தூள் போடாதீர்கள், சில்லுப் புதையும். கையால் இறுக்கிப் பிடிக்க முடியாத பிள்ளைக்குக் கைக்கரண்டியின் பிடியில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற நுரை உறையைச் சுற்றிவிடலாம்; ஹோம் டிப்போவில் நீளமாக வெட்டி விற்கிறார்கள். குனிய முடியாதவருக்கு ஒரு நீளமான பிவிசி குழாய் போதும். கீழ்முனை குழியில், மேல்முனை கையில். விதையை மேலே போட்டால் கடகடவென்று இறங்கிப் போய் விழும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொன்று போடுவார்கள்.

விதையும் முக்கியம். லெற்றிஸ் விதை காற்றுக்கே பறக்கும். விரல் நடுங்குகிற பிள்ளைக்கு அது தண்டனை. பயித்தை, அவரை, பூசணி, சூரியகாந்தி பிடிக்க நல்லது. பொறுமை குறைந்த பிள்ளைக்கு முள்ளங்கி. சிவப்பு உருண்டை முள்ளங்கி 25, 30 நாளில் கைக்கு வந்துவிடும். மணத்துக்கு துளசி, புதினா, கற்பூரவள்ளி. ஆனால் சில பிள்ளைகளுக்குப் புதினா மணமே தாங்காது, ஓடிவிடுவார்கள். முதலில் ஒரே ஒரு இலையைக் காட்டிப் பாருங்கள்.

ஆபத்தையும் சொல்லவேண்டும். எதையும் வாயில் வைக்கிற பிள்ளை இருந்தால் அலரிச் சட்டி அந்த வளவிலேயே இருக்கக்கூடாது. கோயில் பூவுக்கென்று பலர் வளர்க்கிறோம். ருபார்ப் தண்டு சாப்பிடலாம், இலை நஞ்சு. வலிப்புக்கும் மனநிலைக்கும் எடுக்கிற மருந்துகளில் சில வியர்வையைக் குறைத்துவிடும், சில தோலை வெயிலுக்கு எரியவைக்கும். குடும்ப மருத்துவரைக் கேட்டுவிட்டு, யூலையில் காலை பத்து மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். மூட்டை மண்ணை உடைக்கும்போது தூசியை முகத்துக்குக் கிட்ட விடவேண்டாம், பிறகு கை கழுவவேண்டும். ஆற்றுப்பக்கம் நடக்கப் போனால், ஆளைவிட உயரமாக, குடை மாதிரி வெள்ளைப் பூவோடு நிற்கிற ஜயன்ற் ஹொக்வீட் செடியைத் தொடவே கூடாது. அதன் பால் பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும்.

எங்கள் ஆட்களிடம் இதற்கெல்லாம் பாதி முதலீடு ஏற்கெனவே இருக்கிறது. ரொறன்ரோவில் ஒரு தமிழ் வீட்டுப் பின்வளவில் பயித்தைப் பந்தலும் பாவலும் புடோலும் வல்லாரையும் இல்லையென்றால் அங்கே முட்டுக்கால் வருத்தம் உள்ளவர்கள்தான் இருப்பார்கள். முருங்கையைக் கூடச் சட்டியில் வைத்து ஐப்பசியில் வீட்டுக்குள் தூக்கி, வைகாசியில் வெளியே இறக்குகிறோம். கறிவேப்பிலைக் கன்றுக்குக் குளிருமே என்று படுக்கை அறை யன்னலைக் கொடுக்கிறோம். ஆனால் விருந்தினர் வந்தால் பிள்ளையை மேல்மாடியில் இருக்கச் சொல்கிற வீடுகளும் எங்கள் வீடுகள்தான். குற்றம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. குச்சி குத்தியவன் நான். ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். கீதா மூர்த்தி 2008இல் ஸ்காபரோவில் தொடங்கிய ஓட்டிச நிலையம், இதை வெளியே கதைக்கவே கூசிய தெற்காசியக் குடும்பங்களை ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்தது.

வெளியே பார்த்தால் இரண்டு இடம் என் நினைவில் நிற்கின்றன. ஹிட்லருக்குத் தப்பி வியன்னாவிலிருந்து ஓடிவந்த அகதி மருத்துவர் கார்ல் கோனிக், 1940இல் ஸ்கொட்லாந்தில் கேம்ப்ஹில் என்ற சமூகத்தைத் தொடங்கினார். குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வீட்டில் இருந்து ஒரே நிலத்தைப் பயிர்செய்கிற வாழ்க்கை. ஒன்ராறியோவிலும் பரி நகருக்குப் பக்கத்தில் அவர்களின் சமூகம் இருக்கிறது. அகதிகள் வந்த இடத்தில் என்ன விதைக்கலாம் என்று எங்களைப் போன்றவர்கள் பார்க்கவேண்டிய இடம். மற்றது தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தில், கார்த்திகேயன் என்பவர் 2013இல் தொடங்கிய சிருஷ்டி அமைப்பு. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் வளர்ந்த பிறகு எங்கே போவார்கள் என்ற கேள்வியிலிருந்து ஒரு கிராமத்தையே கட்டியிருக்கிறார்கள். இயற்கை விவசாயம் அங்கே அன்றாட வாழ்க்கை. தமிழ் நிலத்தில், தமிழில் நடக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் கோயிலோடு சேர்த்து இதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

ரெக்ஸ்டேலுக்குத் திரும்புவோம். எங்கள் காலடியிலேயே ஹம்பர் ஆர்பொரேட்டம் என்ற மரத்தோட்டம் இருக்கிறது. ஹம்பரும் மாநகரமும் ஆற்றுப் பாதுகாப்பு அதிகாரசபையும் சேர்ந்து வைத்திருக்கிற ஏறத்தாழ 250 ஏக்கர். உள்ளே போகக் காசில்லை. கார் விடத்தான் காசு. 2025 டிசம்பரில் ஃபிஞ்ச் மேற்கு இலகு ரயில் (எல்.ஆர்.டி.) ஓடத் தொடங்கியது; அதன் கடைசித் தரிப்பிடம் ஹம்பர் கல்லூரி. சக்கர நாற்காலி படியேறாமல் நேராக உருண்டு ரயிலுக்குள் போகலாம். 2025க்குள் ஒன்ராறியோ முழுவதும் தடையில்லாததாகவேண்டும் என்று 2005இல் சட்டம் செய்தார்கள். 2025 வந்து போய்விட்டது. எத்தனை சமூகத் தோட்டங்களில் ஒரு மேசைப்பாத்தியாவது இருக்கிறது என்று நீங்களே போய் எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் போதும் என்பது என் சந்தேகம்.

ஆகவே வாசகர்களே, இந்தக் கோடைக்கு என் வேண்டுகோள் சின்னது. சமூகத் தோட்டத்தில் உங்களுக்குப் பாத்தி இருந்தால், அடுத்த கூட்டத்தில் கையை உயர்த்தி ஒரே ஒரு மேசைப்பாத்தி கேளுங்கள். உங்கள் தெருவில் அப்படியொரு பிள்ளை இருந்தால் தாயிடம் போய் ஒரு மூலை இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர் வந்து வேலியோரம் நின்று கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். உயர்தரப் பள்ளியில் படிக்கிற உங்கள் மகனுக்கும் மகளுக்கும் 40 மணித்தியாலத் தொண்டு வேலை முடிக்கவேண்டும்தானே, அதில் பத்தை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று மண் கிண்டுவதற்கு ஈடு பெரியவர்கள் நாங்கள் ஆகமாட்டோம். வருகிறவரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பூவாளியைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கக்கூடாது. தண்ணீர் கூடினால் கூடட்டும்.

பதினொரு விதைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்பது முளைத்தன. ஒரே தடியில் ஒன்பது கொடியும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, கயிறு திரித்த மாதிரி ஏறின. காய் குறைவுதான், என் வேலியோரப் பயித்தையில் பாதிகூட இல்லை. ஆவணியில் முதல் காய்களை அவன் பிடுங்கி, எண்ணி, வீட்டுக்குக் கொண்டுபோனான். தாய் வறை செய்து ஒரு கிண்ணத்தில் எங்களுக்கும் அனுப்பினார். கிண்ணத்தைக் கொண்டுவந்தவன் அவன்தான். கதவைத் திறந்ததும் உள்ளே வந்து, அடுப்படி மேசையில் வைத்துவிட்டு, நான் சாப்பிடும்வரை நின்றான்.

கடைசிக் காய்களைக் கொடியிலேயே காயவிட்டு விதை எடுத்து வைத்திருக்கிறோம். அவனே எண்ணி, உறைக்குப் பதினொன்றாகப் போட்டு ஒட்டித் தந்திருக்கிறான். வேண்டியவர்கள் அலுவலகத்துக்கு எழுதுங்கள், அனுப்பிவைக்கிறோம். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை விக்ரோறியா தினம். அதற்குப் பிறகு ஊன்றினால் குளிருக்குத் தப்பும். ஒரு குழிக்கு எத்தனை என்று உறையில் எழுதவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்